தலைமாட்டில் நின்றவள்

தப்பாகத்தான் சொல்லப்போகிறேன். எனக்குத் தெரியும். பைதிமோஸ் இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்து, இந்த அறை வாசலை அடைத்துக்கொண்டு நின்று, நேற்று விடிந்ததிலிருந்து என்ன நடந்தது சொல் என்று கேட்பார். நான் முதலில் சொல்லவேண்டியதைக் கடைசியில் சொல்லுவேன், சொல்லவே கூடாததை முதலில் சொல்லிவைப்பேன். எப்போதும் அப்படித்தான். மீன் வாங்கிவந்த கதையைக்கூட என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. நீ சொல்லி முடிப்பதற்குள் மீன் மறுபடி கடலுக்கே போய்விடும் என்று தெய்னியாஸ் கேலி செய்வார். தெய்னியாஸ் கீழே முற்றத்தில் கட்டிலில் கிடக்கிறார், கால் தெருவாசலைப் பார்த்தபடி. அவர் செத்துப்போனார் என்பதிலிருந்து ஆரம்பிக்கலாமா? அது பைதிமோஸுக்குத் தெரியும், அண்ணனாயிற்றே. நான் அவரைக் குளிப்பாட்டினேன் என்பதிலிருந்து ஆரம்பித்தால், ஏன் குளிப்பாட்டினாய் என்பார். அதற்குத்தான் பதில் இல்லை. பதில் இருக்கிறது, ஆனால் எதைச் சொன்னாலும் அது என் கழுத்தைத்தான் பிடிக்கும். விடியும்போது என் வயிற்றின்மேல் கிடந்த அவர் கை கனத்தது. தூக்கத்தில் கனக்கிற கை இல்லை அது. தள்ளிப் பார்த்தேன், தள்ளிய இடத்திலேயே கிடந்தது. கத்தினேனா? கத்தவில்லை என்று நினைக்கிறேன். அடிமைப் பெண் திரத்தாவைக் கூப்பிட்டேன், வெந்நீர் போடு என்றேன். ஏன் வெந்நீர் என்று அவள் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை, கை தானாகப் போய் எண்ணெய்ச் சாடியை எடுத்தது. அதுதான் தப்பு. யோசிக்காமல் செய்தது. யோசிக்கத் தெரிந்த பெண்ணாக இருந்தால் அப்போதே கதவைச் சாத்திவிட்டு, அண்ணனுக்கு ஆள் அனுப்பிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாள். எனக்கு யோசிக்கச் சொல்லிக்கொடுத்தவர் யார்? கொரிந்தில் என்னை விலைக்கு வாங்கித் தொழிலுக்குப் பழக்கிய சிமிக்கேயின் வீட்டில் ஒரு பாட்டு வாத்தியார் எனக்கு எழுத்தும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார், மெழுகுப் பலகையில், பாதி எழுத்துகள்வரை வந்தேன். அதற்குள் மார்பு வைத்துவிட்டது, சிமிக்கே பலகையைப் பிடுங்கி, போதும்டி, விருந்துக்கு வருகிறவன் உன்னிடம் கடிதமா படிக்கச் சொல்லப்போகிறான் என்றாள். மீதி எழுத்துகள் எனக்கு இன்னும் வெறும் கோடுகள்தான். யோசனையும் அந்தப் பாதியிலேயே நின்றுவிட்டதோ என்னவோ. ஒன்றை நினைக்க ஆரம்பித்தால் நடுவில் பலகையைப் பிடுங்கிய மாதிரி ஆகிவிடுகிறது.

இந்த ஏதென்ஸில் ஊர்க்காரன் ஊர்க்காரியைத்தான் கல்யாணம் செய்துகொள்ளலாம். என்னைப்போல வெளியூரிலிருந்து வந்தவள், அதிலும் கணிகையாக இருந்தவள், ஊர்க்காரன் ஒருவனோடு இருக்கலாம், தலை நரைக்கும்வரை இருக்கலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். மனைவியாக மட்டும் இருக்கக் கூடாது. மனைவியாக நடந்துகொண்டாள் என்று யாராவது நீதிமன்றத்தில் சாட்சிகளோடு சொல்லிவிட்டால் அவளைச் சந்தை மேடையில் ஏற்றி அடிமையாக விற்றுவிடுவார்கள். இதைத் தெய்னியாஸ்தான் எனக்கு முதல் வருஷமே சொன்னார், அத்திப்பழம் உரித்துக்கொண்டே, ஏதோ மழை வரும்போலிருக்கிறது என்கிற மாதிரி. நான் சிரித்தேன். மனைவியா, நானா, எனக்கு நூல் நூற்கக்கூடத் தெரியாதே என்றேன். அப்புறம் நூல் நூற்கக் கற்றுக்கொண்டேன். யார் கற்கச் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. குளிர்காலத்தில் அவருக்கு முழங்கால் வலிக்கும், கடையில் வாங்கிய கம்பளி சொரசொரப்பாக இருந்தது, அதனால் கற்றுக்கொண்டேன். அதையும் சொல்லிவிடுவேனோ? வாய் தவறி வந்துவிடும். பைதிமோஸ் ஒன்று கேட்டால் நான் ஒன்பது சொல்வேன், பயந்தால் எனக்கு அப்படித்தான், வாய் நிற்காது. ஒருவனோடு இருப்பதற்கும் மனைவியாக இருப்பதற்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது என்று யாராவது காட்டியிருந்தால் நான் அதைத் தாண்டாமல் நடந்திருப்பேன். கம்பளி நூற்றது தாண்டியதா? மூத்திரச் சட்டியை எடுத்தது? அது அடிமையும் செய்வாளே. அவர் கோபமாக வந்த நாளில் பேசாமல் இருந்தது? கணிகை பேசாமல் இருந்தால் சோறு கிடைக்காது, மனைவிதான் பேசாமல் இருப்பாள், அப்படியென்றால் அங்கேதான் தாண்டினேனோ.

குளிப்பாட்டியதைக்கூட மன்னித்துவிடுவார்கள். நின்ற இடத்தைத்தான் மன்னிக்க மாட்டார்கள். பிணத்தைக் குளிப்பாட்டி, எண்ணெய் தடவி, வெள்ளைத் துணி போர்த்தி, நாக்கின்கீழே, செத்தவர்களை ஆறு கடத்திவிடுகிற படகுக்காரனுக்கான காசை வைத்து, தாடையைத் துணியால் கட்டி, நானும் திரத்தாவும் அவரைக் கட்டிலோடு முற்றத்துக்குத் தூக்கிவந்து வைத்தோம். தலை ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே இருந்தது. சுருட்டிய துணியை வைத்தாலும் சாய்ந்தது. அதனால் நான் தலைமாட்டில் நின்று இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டேன், காதோடு சேர்த்து. காது குளிர்ந்திருந்தது, காதின் உட்புறம் மட்டும் இன்னும் மெத்தென்று இருந்தது. அப்போதுதான் பக்கத்து வீட்டுக் கிதில்லா வந்தாள். எண்ணெய்க்காரன் மனைவி, நல்லவள்தான், என் வீட்டு அடுப்பு அணைந்தால் நெருப்புத் தருகிறவள். வந்தவள் வாயில் கையை வைத்தாள். "அக்கா, தெய்னியாஸ் அண்ணனா? எப்போது?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அவள் கொஞ்சம் அழுதாள், மூக்கைத் துடைத்தாள், அப்புறம்தான் என்னைச் சரியாகப் பார்த்தாள். "அக்கா, நீ எங்கே நிற்கிறாய் என்று தெரிகிறதா?" "தலை சாய்கிறது கிதில்லா, பிடித்துக்கொண்டிருக்கிறேன்." "அது பெண்டாட்டி நிற்கிற இடம் அக்கா." "திரத்தா கல் எடுக்கப் போயிருக்கிறாள், வந்ததும் முட்டுக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன்." உண்மையும் அதுதான், திரத்தா கல் எடுக்கத்தான் போயிருந்தாள். ஆனால் கல் வந்த பிறகும் நான் நகரவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் தெரியாது. இந்த ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும், சாவு வீட்டில் தலைமாட்டில் நின்று தலையைப் பிடிப்பவள் பெண்டாட்டி, அவள் இல்லாவிட்டால் தாய். ஜாடிகளில்கூட அப்படித்தான் வரைந்து விற்கிறார்கள். எனக்கும் தெரியும். தெரிந்தும் நின்றேனா, தெரியாமல் நின்றேனா? இதைத்தான் கேட்கப்போகிறார். தலை சாய்ந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சாய்ந்தது நிஜம். ஆனால் சாயாமல் இருந்திருந்தாலும் அங்கேதான் நின்றிருப்பேனோ என்று நினைக்கும்போது எனக்கே என் சாட்சி பொய்யாகத் தெரிகிறது.

கிதில்லா கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். பைதிமோஸின் மனைவி லிசில்லா கறுப்புத் துணியோடு படலைத் தாண்டி உள்ளே வரும்போதே அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலைப்படாதீர்கள், உங்கள் கொழுந்தனை அக்கா நன்றாகப் பார்த்துக்கொண்டாள், தலைமாட்டை விட்டு நகரவே இல்லை, கட்டின பெண்டாட்டிகூட இப்படிச் செய்ய மாட்டாள்" என்று அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். புகழ்ந்துதான் சொன்னாள். லிசில்லா என் பக்கம் திரும்பவே இல்லை, பைதிமோஸைத் திரும்பிப் பார்த்தாள். பைதிமோஸ் கட்டிலைச் சுற்றிவந்து தம்பியின் தாடைக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். "யார் குளிப்பாட்டியது?" என்று திரத்தாவைக் கேட்டார். "அம்மாதான்" என்றாள் அந்தப் பேதை. "எந்த அம்மா? இந்த வீட்டில் அம்மா என்று யார் இருக்கிறார்கள்?" திரத்தா என்னைப் பார்த்தாள். நான் கையைப் பார்த்தேன், எண்ணெய் பிசுபிசுவென்று இருந்தது. அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நல்லது. "மல்தாகே, நீ மேலே போ. எங்கள் வீட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். நாளைக்கு நண்பகலில் இரண்டு பேரோடு வருகிறேன். இந்த வீட்டில் நீ யாராக இருந்தாய் என்று அவர்கள் எதிரில் சொல்லிவிடு" என்றார். அந்த நாளைக்குத்தான் இன்றைக்கு. வெயில் இப்போது சுவரில் தறியின் கால்வரை வந்திருக்கிறது. யாராக இருந்தாய். மல்தாகே என்பதே என் பெயர் இல்லை. மெத்தென்றவள் என்று சிமிக்கே தொழிலுக்காக வைத்த பெயர், என் எலும்பு அப்போதே துருத்திக்கொண்டிருக்கும். அதற்கு முன்னே இருந்த பெயர் எனக்கு நினைவில்லை. யாராக இருந்தாய் என்றால் எங்கேயிருந்து ஆரம்பிப்பது?

பைதிமோஸுக்கு என்மேல் ஏன் இவ்வளவு கோபம் என்று யோசித்துப் பார்க்கிறேன். வீட்டுக்காகவா? வீடு எப்படியும் அவருக்குத்தான். நான் போ என்றால் போய்விடுவேன், ஒரு போர்வை கொடுத்தால் போதும், போர்வைகூட வேண்டாம். அவர் தம்பி ஊர்க்காரி ஒருத்தியைக் கட்டி, பிள்ளை பெற்று, அப்பன் கல்லறைக்கு தேனப்பம் வைக்க ஆள் விட்டுப்போகாமல் செத்துப்போனது என்னால்தான் என்று நினைக்கிறார். அது பாதி உண்மை. அதை நினைக்கக் கூடாது. குழந்தையை இப்போது நினைக்கக் கூடாது. பத்தாம் நாள் விருந்து வைத்து எல்லாரையும் கூப்பிட்டுப் பெயர் வைக்கலாம் என்றார் தெய்னியாஸ். ஊரார் எதிரில் பெயர் வைப்பது மனைவி பெற்ற பிள்ளைக்குத்தான். வேண்டாம், வேண்டாம் என்று அவர் காலைப் பிடித்தேன், பயம். பெயரில்லாமலே இருந்தாள், பெயரில்லாமலே காய்ச்சல் வந்து போய்விட்டாள். எதற்காகப் பயந்தேனோ அதற்கு அன்றைக்கு ஒரு சாட்சி குறைந்தது. அப்படி அப்படியே ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து விலக்கிவைத்தேன். கோயில் விழாவில் மனைவிமார் போகிற நாளில் போகவில்லை. கிணற்றடியில் என் வீட்டுக்காரர் என்று சொன்னதில்லை, அவர் என்றுதான் சொல்வேன். இவ்வளவும் செய்துவிட்டு, கடைசியில் சாய்ந்த தலை ஒன்றைப் பிடிக்கப்போய்.

கீழே ஒப்பாரி மறுபடி தொடங்கிவிட்டது. லிசில்லாவின் குரல். இப்போது அவள்தான் தலைமாட்டில் நிற்கிறாள், நேற்று வந்ததும் போய் நின்றவள். என் கொழுந்தனே, என் கொழுந்தனே, உனக்குக் கூழ் காய்ச்சித்தர ஒருத்தி இல்லாமல் போனாயே என்கிறாள். கூலிக்கு வந்த பெண்கள் ஒருத்தி இல்லாமல் போனாயே என்று வாங்கிச் சொல்கிறார்கள். ஒருத்தி இல்லாமலாம். அந்த மனிதருக்கு வாற்கோதுமைக் கூழில் கொஞ்சம் தேன் விட்டு, மேலே ஏடு படியாமல் கிண்டிக்கொண்டே இருக்கவேண்டும், ஏடு படிந்தால் தொடமாட்டார். லிசில்லாவுக்கு அது தெரியுமா? எனக்கும் ஒப்பாரி ஏறி வருகிறது, கால் தரையை உதைக்கிறது, கை மார்புக்குப் போகிறது. கூடாது. அழுதால் கீழே கேட்கும். முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொள்கிறேன், கம்பளி நாற்றம், என் கையால் நூற்ற கம்பளி. அறுபது வயதுக்குக் குறைந்தவள், நெருங்கிய சொந்தம் இல்லாதவள், சாவு வீட்டுக்குள் நுழையக் கூடாது, பிணத்தின் பின்னால் நடக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாம், கிதில்லா சொன்னாள். ஆனால் நான் நுழையவில்லையே. நான் உள்ளேதான் இருந்தேன், சாவுதான் நுழைந்தது. இதைச் சொன்னால் சிரிப்பார்களா? இந்த வீட்டில் ஏன் இருந்தாய் என்று கேட்பார்கள், மறுபடி அந்த இடத்துக்கே வந்து நிற்கும். எங்கே சுற்றினாலும் அந்த இடத்துக்கே வருகிறது, செக்குமாடு மாதிரி. மாடாவது கண்ணைக் கட்டியிருக்கும். எனக்கு எல்லாம் தெரிகிறது. அந்த மேடை தெரிகிறது. கொரிந்தில் என்னை ஏற்றி விற்ற மேடை, சின்னப் பெண்ணாக, விற்பனைக்கு என்று காலில் சுண்ணாம்பு பூசி. ஒருவன் வந்து என் மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்கிப் பல்லைப் பார்த்தான். அந்த விரலில் வெங்காய நாற்றம். இன்றைக்கும் வெங்காயம் நறுக்கும்போது உதட்டை உள்ளே மடித்துக்கொள்வேன். அன்றைக்கு எனக்குப் பல் இருந்தது, வயது இருந்தது, சிமிக்கே பார்த்ததும் இவள் தேறுவாள் என்று சொன்னாள். இப்போது யார் தேறுவாள் என்பார்கள்? மாவு அரைக்கிற இடத்துக்கு வாங்குவார்கள். இல்லையென்றால் துறைமுகத்துச் சந்தில், கதவுக்குப் பதில் சாக்குத் தொங்குகிற வீட்டுக்கு. அங்கே கிழவிகளை இருட்டில் உட்கார வைப்பார்கள்.

திரத்தா மேலே வந்தாள். படியில் காலடி கேட்டதும் பைதிமோஸ்தான் என்று எழுந்துவிட்டேன். அவள் முகமெல்லாம் சாம்பல், இழவு வீட்டு அடிமைக்கும் சாம்பல் பூசிவிடுவார்கள். "அம்மா, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். "அம்மா என்று கூப்பிடாதே, உன் வாயால்தான் இவ்வளவும்." "பின்னே என்னன்னு கூப்பிடறது?" "ஒன்றும் கூப்பிடாதே." அவள் என் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். "வழக்கு வந்தா என்னைத்தான் முதல்ல இழுத்துட்டுப் போவாங்களாம். அடிமை சொல்றதை அடிக்காம கேட்டா நீதிமன்றத்துல செல்லாதாம். சக்கரத்துல கட்டிவெச்சுக் கேப்பாங்கன்னு பெரியவர் வீட்டுச் சமையக்காரன் சொல்லிச் சிரிக்கறான்." "என்ன சொல்வாய்?" "அடிச்சா உண்மையைச் சொல்லிடுவேன். என்னால தாங்க முடியாது, முன்னாடியே சொல்லிட்டேன்." "எது உண்மை?" என்று கேட்டேன். நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன், இந்த வீட்டில் என்னோடு கூடவே இருந்தவள், அவளுக்காவது தெரிந்திருக்கும். அவள் மூக்கை உறிஞ்சினாள். "எனக்கென்ன தெரியும்? நீங்களே ஒண்ணு சொல்லிக்குடுங்க, அதையே உண்மையாச் சொல்றேன்." எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும். சாவு வீட்டு மாடியில் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினோம், கீழே ஒப்பாரி. அப்புறம் சிரிப்பு நின்றதும் அவள் முதுகு என் கண்ணில் பட்டது, எலும்பெல்லாம் துணிக்கு வெளியே தெரிகிற சின்ன முதுகு. என்னை மட்டுமில்லை, இவளையும்தான் அந்தச் சக்கரத்தில் ஏற்றப்போகிறேன், தலையைப் பிடித்த இரண்டு கையாலும். "கீழே யார் யார் வந்திருக்கிறார்கள்?" என்று கேட்டேன். "ஆம்பளைங்க எல்லாம் விருந்து அறையில இருக்காங்க. பெரியவர் கூட்டிட்டு வந்த ரெண்டு பேரு. அப்புறம் ஐயாவோட பழைய சிநேகிதர், அந்தத் தொந்திக்காரர் மோஸ்கோஸ், துறைமுகத்துல இருந்து நடந்தே வந்தாராம், மூச்சு வாங்குது. அவங்களுக்கு ரொட்டியும் மதுவும் வெச்சிருக்கு. சொந்தக்காரங்க யாரும் தொடலை."

விருந்து அறை. அவள் போன பிறகும் அந்தச் சொல் போகவில்லை. தெருவாசலுக்குப் பக்கத்து அறை, சுவரோரமாகச் சாய்வுக் கட்டில்கள், ஆண்களின் அறை. இந்த வீட்டுக்கு வந்த புதிதில் நான் தெய்னியாஸ் பக்கத்தில் அங்கேதான் சாய்ந்திருப்பேன், அவர் நண்பர்கள் எதிரில், அவர் கிண்ணத்தில் குடித்துக்கொண்டு. வெளி ஆண்கள் சாப்பிடுகிற அறையில் ஊர்க்காரன் மனைவி எவளும் கால் வைக்க மாட்டாள், வைத்தால் அவளுக்கு அப்பன் வீட்டிலேயே கதவைச் சாத்திவிடுவார்கள். கணிகைகள் நாங்கள்தான் போவோம். அப்புறம் ஒருநாள் தெய்னியாஸ், இன்றைக்கு ஆட்கள் வருகிறார்கள், நீ மேலேயே இரு என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷம். அசடு மாதிரி இங்கே இந்தத் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கீழே அவர்கள் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு, என்னைப் பார்க்கக் கூடாதவளாக ஆக்கிவிட்டார் என்று மகிழ்ந்தேன். அதற்கப்புறம் அந்த அறைக்குள் நான் போனதே இல்லை. அதுவும் சாட்சிதான், தலைமாட்டைவிடப் பெரிய சாட்சி. இந்த மோஸ்கோஸ் கடைசியாக என்னை எப்போது பார்த்தார் என்று கேட்டால், பார்த்தே பல வருஷம் ஆயிற்று, அவன் அவளைக் காட்டமாட்டானே என்பார், கபடமில்லாமல். மேலே இருந்தவளை மனைவி என்பார்கள். இப்போதும் மேலேதானே இருக்கிறேன். பைதிமோஸ் இந்தப் படி ஏறி வந்து, இந்தத் தறியையும் நூலையும், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளையும் இரண்டு பேருக்குக் காட்டினால் போதும். நான் ஒன்றும் சொல்லவே வேண்டாம். என் வாய் தவறாகச் சொல்லுமே என்றுதான் விடிந்ததிலிருந்து பயந்தேன். வாய் இல்லை, இந்த அறைதான் சொல்லப்போகிறது. அப்படியென்றால், அப்படியென்றால் அவர் ஏறி வருவதற்கு முன் நானே இறங்கிப்போய். நினைப்பு அங்கே வந்து முட்டி நின்றது. வேண்டாம் என்று நினைத்தேன். அதைச் செய்கிறவள் எப்படிப்பட்டவளாக இருப்பாள், தெய்னியாஸ் இன்னும் வீட்டைவிட்டுப் போகவில்லை, அவர் காது. குளிர்ந்த காது. அது கேட்காது. கேட்காது என்பது நிச்சயமா? மூன்றாம் நாள் எடுக்கும்வரை ஆவி வீட்டைச் சுற்றும் என்கிறார்கள். சுற்றட்டும். சுற்றிப் பார்த்தால் அவருக்குப் புரியும். புரியாவிட்டால்? புரியாவிட்டால் என்ன செய்வது, அதற்கு எனக்கு நேரமில்லை, வெயில் தறியின் பாதிவரை ஏறிவிட்டது.

பெட்டியைத் திறந்தது நினைவிருக்கிறது. அடியில் குங்குமப்பூ நிறத்துப் பழைய உடை, மடிப்பில் பூச்சி அரித்திருந்தது, இடுப்பில் இறுக்கியது. வெள்ளைப் பூச்சு கட்டியாகிப் போயிருந்ததை எச்சில் தொட்டுக் குழைத்தேன். வேரிலிருந்து எடுத்த சிவப்பைக் கன்னத்தில் தடவினேன், அடுப்புக்கரியைப் புருவத்தில் இழுத்தேன். ஒரு புருவம் மேலே ஏறிவிட்டது, அப்படியே விட்டேன். படி இறங்கியது நினைவில்லை. முற்றத்தில் ஒப்பாரி கத்தரித்த மாதிரி நின்றது நினைவிருக்கிறது. கறுப்புத் துணிகளுக்கு நடுவே மஞ்சளாக நடந்தேன், கட்டில் இருந்த பக்கம் திரும்பவில்லை, கிதில்லா மட்டும் "ஐயோ அக்கா" என்றாள், அவ்வளவுதான். விருந்து அறையின் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். நான்கு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "என்ன எல்லாரும் இப்படி வாயைப் பிளக்கிறீர்கள்? பிணம் அந்தப் பக்கம் இருக்கிறது" என்றேன். என் குரல் எனக்கே தெரியவில்லை. சிமிக்கேயின் குரல் மாதிரி இருந்தது. மோஸ்கோஸ்தான் முதலில் வாயைத் திறந்தார். "மல்தாகேயா? உயிரோடு இருக்கிறாயா? அவன் உன்னைத் தின்றுவிட்டான் என்றல்லவா நினைத்தோம்." "கடித்துப் பார்த்தார், பல் போதவில்லை" என்றேன். அவர் அடக்கமுடியாமல் குப்பென்று சிரித்துவிட்டார், சாட்சிக்கு வந்தவர்களில் இளையவனும் சிரித்தான், அப்புறம் அசட்டுத்தனமாக இருமினான். "கொஞ்சம் நகருங்கள் மோஸ்கோஸ், அந்தக் காலத்தில் இந்தத் தொந்திக்கும் எனக்கும் ஒரே கட்டில் போதும்." அவர் நகர்ந்தார். நான் சாய்ந்தேன். பைதிமோஸ் சாயாமல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், உதடு வெடித்திருந்தது, சொந்தக்காரர்கள் பிணம் போகும்வரை பட்டினி கிடக்க வேண்டுமே, நேற்றிலிருந்து தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார். நானும்தான். அதை அவரிடம் சொல்ல வேண்டும்போலிருந்தது, அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் பட்டினி என்று. அவர் மெதுவாக, சாட்சிகளைப் பார்த்துக்கொண்டு கேட்டார், "நேற்று என் தம்பியின் தலைமாட்டில் நின்றாயாமே?" "நின்றேன். அவர் எங்கே நிற்கச் சொன்னாலும் நின்றவள்தானே, அதற்குத்தானே என்னை வைத்திருந்தார். நேற்று அவர் ஒன்றும் சொல்லவில்லை, இருந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்." "குளிப்பாட்டினாயாமே?" "உயிரோடு இருக்கிறவர்களையே எத்தனை பேரைக் குளிப்பாட்டியிருக்கிறேன், அவர்களெல்லாம் என் புருஷன்மார்களா? இதோ மோஸ்கோஸைக் கேளுங்கள்." "சத்தியம்" என்றார் மோஸ்கோஸ், "முதுகை நன்றாகத் தேய்ப்பாள்." இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள், பைதிமோஸைத் தவிர. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன, அவருக்கு வேண்டியது சாட்சிகள், சாட்சிகள் சிரித்துவிட்டார்கள். மோஸ்கோஸ் கையை என் தோளில் போட்டார், வெறும் கனமான கை, நான் தள்ளவில்லை. முற்றத்தில் லிசில்லா மறுபடி எடுத்தாள், ஒருத்தி இல்லாமல் போனாயே என்று. எனக்குள்ளும் ஒப்பாரி மறுபடி ஏறிவந்தது. வந்ததும் எதிரிலிருந்த தட்டை இழுத்து, ரொட்டியைப் பிய்த்து மதுவில் தோய்த்து வாய் நிறையத் திணித்துக்கொண்டேன். மென்றேன். பைதிமோஸ் பார்க்க, அந்த இரண்டு பேரும் பார்க்க, முழுங்கினேன். அப்புறம் இன்னொரு துண்டை எடுத்தேன்.